நெற்றியில் இருபது சென்ட்

அமெரிக்காவில் நாலே வருடம் அடித்து நிறுத்திய இருபது சென்ட் காசை மாசிலாமணி முப்பது வருடமாகத் தேடினார். கால் டாலர் என்று நினைத்து யாரும் கவனிக்காமல் விட்டுவிடும் காசு அது. அவரைப் போலவே காசு சேர்க்கும் ஆவுடையப்பனிடம் கேட்டால், “எங்கிட்ட ஏதுய்யா? கனவுல வந்தா சொல்றேன்” என்று சிரிப்பார். அந்த ஆவுடையப்பன் இறந்துபோனார். மாலை போடக் குனிந்த மாசிலாமணி, பாவம், குனிந்தபடியே நின்றுவிட்டார். பிணத்தின் நெற்றியில் ஒட்டியிருந்தது அந்த இருபது சென்ட். “அவசரத்துக்கு ஒரு ரூபா காசு கிடைக்கல அண்ணே. அவரு பீரோவுல பொத்திப் பொத்தி வெச்சிருந்த செல்லாக்காசு” என்று அழுதாள் மனைவி. வாசலில் சுடுகாட்டு வண்டி வந்துவிட்டது. மாசிலாமணி நண்பரின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். “கூடப் பொறந்தவங்க மாதிரில்ல இருந்தாங்க!” என்று யாரோ விம்மினார்கள். கையை எப்படி எடுப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.