சின்னப் பிடி

பாம்பனில் காலை வெயில் கூரைக் கீற்றின் ஓட்டைகள் வழியே இறங்கி, சுலைகாவின் சுளகில் இருக்கும் அரிசிமேல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. கொழும்புக்குக் கருவாடு போவது நின்றதும் முதலாளி கிட்டங்கியைப் பூட்டிவிட்டார்; அங்கே எடை போட்டுவந்த அவள் கணவன் சதக், சட்டையில் இன்னும் போகாத கருவாட்டு வாடையோடு வாசலில் குந்தியிருக்கிறான். உலை கொதிக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கென்று தினமும் ஒரு பிடி அரிசி போட்டுவைக்கும் கலயத்தைச் சுலைகா பக்கத்தில் இழுக்கிறாள். "வேற வேலை கெடைக்கிற வரைக்கும் அதை நிப்பாட்டலாம்ல?" என்கிறான் சதக். "நேர்ச்சையை எப்படி நிப்பாட்டுறது?" என்கிறாள். ஆனாலும் அவள் கை அரிசிக்கு மேலேயே தயங்கி நிற்கிறது. விரித்த தன் உள்ளங்கையைப் பார்க்கிறாள். பிறகு, முற்றத்தில் கோழியைத் துரத்தும் மகளைக் கூப்பிடுகிறாள். "காலிதா, இங்கன வா. இனிமே நீதான் பிடியரிசி எடுக்கணும்." சதக் மனைவியின் கையையும் மகளின் கையையும் மாறி மாறிப் பார்க்கிறான்; உதட்டோரம் மெல்லச் சிரிப்பு வருகிறது. உம்மாவின் வேலை தனக்கு வந்துவிட்ட பெருமையில் காலிதா கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். பிஸ்மில்லா சொல்லி, இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, ஒரு மணிகூடச் சிந்தாமல் அள்ளிக் கலயத்தில் போடுகிறாள். சுலைகா சுளகில் மிஞ்சிய அரிசியைப் பார்த்துவிட்டு, உலையில் இன்னொரு செம்புத் தண்ணீரை ஊற்றுகிறாள்.