தலையாட்டும் ஓணானும் அலுமினிய வேலியும்

கிளுவைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு வைத்த புது அலுமினிய வேலிக்குப் பெருமை தாங்கவில்லை. "எனக்குத் துருப்பிடிக்காது, கறையானும் அரிக்காது. சரிதானே?" என்று தன்மேல் உட்கார்ந்திருந்த ஓணானைக் கேட்டது. ஓணான் தலையாட்டியது. வேலிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்த வழியாக வந்த ஆடு, "அண்ணே, மூலையில உங்களுக்கு மறை கழண்டிருக்கு" என்றது.

"யாருக்குடி மறை கழண்டிருக்கு? பொறாமை பிடிச்சவளே! ஓணான் தம்பி, நான் கச்சிதமாத்தானே இருக்கேன்?"

ஓணான் தலையாட்டியது.

"அப்போ நான் உள்ளே போகட்டுமா, தம்பி?" என்றது ஆடு. ஓணான் அதற்கும் தலையாட்டியது.

ஆடு மூலைக் கம்பியை முட்டித் தள்ளிவிட்டு உள்ளே போய், செம்பருத்தியை மொட்டையடித்தது. வீட்டுக்காரர் ஓடிவந்தார். "பேசாம இந்தச் சனியனை எடைக்குப் போட்டுட்டு, பழையபடி கிளுவையையே நட்டுடலாமா?"

"டேய், தலையாட்டாதேடா!" என்று வேலி அலறியது.

சரியென்று ஓணான் தலையாட்டியது.