இதைவிட நீளமான லென்ஸ்

தொண்ணூறு மில்லிமீட்டர் லென்ஸில் கட்டடம் முழுதும் வந்தது. விரிசல் வரவில்லை.

ஹரிநாராயணன் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்பதாம் மாடி பால்கனியின் கைப்பிடிச் சுவர் ஒரு மூலையில் உடைந்து போயிருந்தது. உடைந்த இடத்திலிருந்து கீழே இறங்கிய கோடு இருக்கிறதா இல்லையா என்று சத்தியம் செய்ய முடியாதபடி அவ்வளவு மெல்லியதாக இருந்தது.

எதிர்ப்புற லாட்ஜின் மொட்டைமாடியில் அவனும் முத்தாரம்மாளும் மட்டும் நின்றிருந்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் ட்ரைபாடை அவள்தான் ஐந்து மாடி தூக்கி வந்தாள்.

பத்தொன்பது நாளுக்கு முன், அந்தச் சுவரில் சாய்ந்து வெளிப்பக்கம் வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது அவள் கணவன் உச்சிமாகாளி விழுந்தான். சுவரின் அந்த மூலையும் கூடவே விழுந்தது.

போன ஆண்டுதான் திறந்த கட்டடம். முதல் மழைக்கே கறை ஏறியதால் மறுபடி வெள்ளை.

சுவர் நன்றாகத்தான் இருந்தது, அவன் அதன்மேல் ஏறி நின்றதால்தான் உடைந்தது என்று கட்டடக் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. விழுந்த துண்டுகளை அன்றைக்கே லாரியில் ஏற்றிவிட்டார்கள். உள்ளே யாரையும் விடுவதில்லை. திங்கட்கிழமை சாரம் கட்டிப் பூசப் போகிறார்கள். இன்று சனி. இரும்புக் குழாய்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டன.

முத்தாரம்மாளின் வக்கீல் நீது கேட்டது ஒன்றுதான். விரிசலுக்குள் பாசி தெரிய வேண்டும். பாசி பிடித்திருந்தால் விரிசல் பழையது. பழையது என்றால் உச்சிமாகாளி உடைக்கவில்லை.

எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாத படம் வேண்டும் என்று விசாரித்தபோது யாரோ ஹரியின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கட்டடங்களை மட்டுமே எடுக்கிறவன். லென்ஸையும் பின்பகுதியையும் தனித்தனியே நகர்த்தக்கூடிய டெக்னிகல் கேமரா வைத்திருக்கிறவன். நீது பேசி முடிக்கும் முன்பே வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

ஆனால் கட்டடம் எடுக்கிறவனிடம் அகல லென்ஸ்கள்தான் இருக்கும். பழவங்காடியில் ஷிபுவின் கடைக்குப் போய் நீளமான இரண்டை வாடகைக்கு எடுத்துவந்தான். ஒன்று தொண்ணூறு. இன்னொன்று நூற்றெண்பது.

நூற்றெண்பதை மாட்டினான்.

இப்போது சுவர் நெருங்கி வந்தது. வெறும் சுவர். இது எந்த ஊர்ச் சுவரோ என்று கம்பெனிக்காரர்கள் கேட்டால் பதில் இல்லை.

கேமராவை அசைக்காமல் அதன் பின்பகுதியை மட்டும் மேலும் கீழும் நகர்த்தி மூன்று படம் எடுத்தான். பிறகு ஒட்டினால் ஒரே படமாகிவிடும். உச்சியில் கம்பெனியின் பெயர்ப்பலகை, அடியில் விரிசல்.

கீழே சாலையில் கிழக்கேகோட்டை பஸ் போகும்போதெல்லாம் மொட்டைமாடி லேசாக அதிர்ந்தது. இரண்டு பஸ்களுக்கு நடுவில் காத்திருந்து காத்திருந்து எடுத்தான்.

முத்தாரம்மாள் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தாள்.

புதிதாக அடித்த வெள்ளை, சுவரின் பாதியில் நின்றிருந்தது. ஒரு ஆள் கை நீட்டினால் எட்டுகிற தூரம். அதற்கு அப்பால் பழைய கறை. கடைசியாக ரோலர் இழுத்த தடம் மட்டும் கொஞ்சம் கோணலாகக் கீழே இறங்கியிருந்தது.

“இது வரைக்கும் அவிய கைதான்,” என்றாள்.

ஹரி திரையை உடனே மாற்றவில்லை.

பிறகு விரிசலுக்குப் போனான். பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். கறுப்பாக இருந்தது. பாசியாக இருக்கலாம், நிழலாகவும் இருக்கலாம். அதற்குமேல் போனால் கட்டம் கட்டமாக உடைந்தது.

“தெரியுதா சார்?”

“போறலை அம்மா. நீது கேட்ட மாதிரி வரலை.”

அவள் தலையாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தப் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாள்.

“பில்டிங் தொறந்தப்ப புஸ்தகமெல்லாம் அடிச்சுக் குடுத்தாவல்லா சார். வழவழன்னு. அதுல இந்தச் செவரு இருக்காதா?”

“அதெல்லாம் அழகு பண்ணின படம். அதுல விரிசல் இருக்காது.”

அவன் சொன்னது உண்மைதான். அந்தப் படங்களை அழகு பண்ணியவன் அவன்தான்.

அன்று நீள லென்ஸ் தேவைப்படவில்லை. அதே ஒன்பதாம் மாடியில், அந்தச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று எடுத்தான். மூலையிலிருந்து இறங்கிய விரிசலில் ஒரு நாணயத்தைச் செருகலாம். கம்பெனி மேனேஜர் பின்னால் நின்று, “அது கொஞ்சம் கிளீன் பண்ணிக்கோ சாரே,” என்றார். கம்ப்யூட்டரில் விரிசலைத் துடைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

துடைக்காத படம், எடுத்த தேதியோடு, வீட்டில் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. உச்சிமாகாளி விழுந்த செய்தி பேப்பரில் வந்த அன்று காலை திறந்து பார்த்தான். மூடி வைத்தான்.

அதைக் கொடுத்தால் எடுத்தது யார் என்று கோர்ட்டில் கேட்பார்கள். துடைத்தது யார் என்றும் கேட்பார்கள்.

“ஒங்க புண்ணியத்துல எப்படியாவது கெடைச்சிரும் சார்,” என்றாள் முத்தாரம்மாள்.

ஹரி போனை எடுத்து ஷிபுவைக் கூப்பிட்டான்.

“ஷிபு, இதைவிட நீளமா ஒண்ணு உண்டோ?”