மிட்டாய்க் காணிக்கை

பள்ளி விட்டு வந்ததும் பட்டு உடுத்திக்கொண்டு குறி சொல்ல உட்கார்ந்துவிடுவாள் சேபொம். அவள்மேல் இறங்குவது ஒரு குழந்தைச் சாமி. அதனால் பீடம் முழுக்கப் பொம்மையும் மிட்டாயும்தான்.

பக்கத்து ஆண்கள் பள்ளிக் குன்வூ இந்தச் சனிக்கிழமையும் வந்தான். ஸ்ட்ராபெர்ரி மிட்டாயைப் பீடத்தில் வைத்துப் பயபக்தியோடு கும்பிட்டான்.

"அந்தப் பொண்ணுப் பேய் இன்னும் என்னை விடலையா?"

சேபொம் அவன் தோளுக்குப் பின்னால் முறைத்தாள். "லேசுல விடுமா? உன்மேல அவ்வளவு ஆசை அதுக்கு. வேற பொண்ணுங்ககிட்டப் பல்லைக் காட்டினே, தொலைச்சிடும்!"

"ஐயோ! அப்புறம்?"

"அடுத்த வாரமும் வா."

பேய் விரட்டும் சிவப்புப் பயறை அள்ளி அவன்மேல் வீசினாள். பேயாவது, பிசாசாவது! அவனை வாராவாரம் வரவழைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பீடத்திலிருந்து குழந்தைச் சாமி களுக்கென்று சிரித்தது. அவளைத் தவிர யாருக்குத்தான் அது கேட்கும்?

குன்வூ சட்டென்று பீடத்தின் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்துக் கிசுகிசுத்தான்.

"ஷ்! சேபொம் அக்காகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுதானே வாராவாரம் மிட்டாய் தர்றேன்? பேயே இல்லன்னு முதல் நாளே என்கிட்டச் சொன்னது நீதானே!"