வாயை ஊது

"கிட்ட வா. வாயை ஊது."

கதிரவேலு ஊதினான். பரமலிங்கம் மகனின் வாயருகே மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்தார். இப்போதெல்லாம் காலையும் மாலையும் வீட்டில் இந்தப் பரிசோதனைதான். இன்றும் ஒன்றும் பிடிபடவில்லை. சந்தேகமும் விடவில்லை.

"போன வருசம் வாசல் படலை வரைக்கும் ஓடினாலே இளைச்சு விழுந்தவன். நேற்று மாட்ச் முழுக்க ஓடியும் உனக்கு மூச்சு வாங்கேல்லை. பள்ளிக்கூடத்திலை என்னடா தாறாங்கள்? மாட்டுச் சூப்போ, முட்டையோ?"

"ஒண்டுமில்லை ஐயா. ஓடுறம், கயிறடிக்கிறம். அவ்வளவுதான்."

"பாதிரிமாற்றை பள்ளிக்கூடம். சும்மா விடுவாங்களோ?"

மூன்று தலைமுறையாக மீனோ இறைச்சியோ முட்டையோ படியேறாத சைவ வீடு அது. மனைவி ஞானாம்பிகைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"உவன் மச்சம் மாமிசம் திண்டது தெரிஞ்சால் பள்ளிக்கூடமும் இல்லை, பந்தும் இல்லை. என்னோடை தோட்டத்துக்கு வரட்டும்."

கதிரவேலுவுக்கு அழுகை வந்துவிட்டது. சனிக்கிழமை இறுதியாட்டம். ஞானாம்பிகை அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரமே பரமலிங்கம் அரியாலையிலிருந்து சைக்கிளில் ஒரே மூச்சில் பள்ளி மைதானத்துக்குப் போய் இறங்கினார். விளையாட்டு ஆசிரியர் துரைராஜா பெடியன்களை ஓடவிட்டுக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், ஒளிக்காமல் சொல்லுங்கோ. என்ரை பெடியனுக்கு என்ன குடுக்கிறியள்?"

"விடுதிப் பெடியளுக்குச் சூப் குடுக்கிறது உண்மை ஐயா. உங்கடை மகன் அந்தப் பக்கமே போறதில்லை. தண்ணியும் வீட்டிலையிருந்துதான் கொண்டு வாறவன்."

"அப்ப இந்தத் தெம்பு எங்கையிருந்து வந்தது?"

"எனக்கும் விளங்கேல்லை. மற்றவங்களும் இதே ஓட்டம்தான் ஓடுறாங்கள். வேணுமெண்டால் வேதப்புத்தகத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணுறன்."

வேதக்காரர் பைபிளை வைத்து விளையாடமாட்டார்கள். பரமலிங்கம் தணிந்துபோனார்.

"மாஸ்டரை நம்பத்தானே வேணும்," என்றார் வீட்டுக்கு வந்து. "யோசிச்சுப் பாத்தால், நானும் இந்த வயசிலை சைக்கிளை என்ன மாதிரி மிதிக்கிறன். பரம்பரை உடம்பு. எல்லாம் மரக்கறியின்ரை பலன்."

"ஓம், வேறையென்ன," என்றாள் ஞானாம்பிகை.

மறுநாள் விடிய அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போனதும், அவள் வேலிப் பொட்டின் இடைவெளிக்குள் கையை நீட்டினாள். பக்கத்து வீட்டு வினிபிரட் இரண்டு முட்டைகளை அந்தக் கையில் வைத்தாள்.

"கோப்பியிலை அடிச்சுக் குடுத்தாலும் மணக்குமெல்லே ஞானம்? மனுசன் பெடியன்ரை வாயை மணந்து பாக்கிறாரெண்டு சொன்னாய்."

"அவருக்கு அந்த மணம் பிடிபடாதக்கா. இதிலை ஒண்டுதான் பெடியனுக்கு. மற்றதை அவர்தான் போன மாரியிலையிருந்து குடிக்கிறார்."