குப்பாயி சாகமாட்டாள்

குப்பாயியை இன்றைக்குள் கொன்றுவிடுவது என்று சுகந்தன் முடிவெடுத்துவிட்டான். அதற்குத் தோதாக வெளியே அடைமழை. தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் நுவரெலியா டவுனே காது கேட்காமல் கிடந்தது.

"நாகம் மூணு தலையையும் தூக்கிருச்சு. நேரா குப்பாயி மேலதான் பாயுது" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

மேசையைச் சுற்றி இருந்தது நான்கே பேர். ஞாயிறு மத்தியானங்களில் ஜெரோஷன் வீட்டு மாடியில் கூடி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. கதையை நடத்துபவன் சுகந்தன். வெண்முகில்புரி என்ற அந்த ராஜ்யத்தை, பேங்க் வேலை முடிந்து வந்து இரண்டு வருஷமாக உட்கார்ந்து எழுதியவன்.

அதில் ஜெரோஷன், இளவரசன் சூரியகேது. அவன் தங்கை ஏஞ்சலா, மந்திரக்காரி செராபினா. தான் கட்டிக்கொள்ளப்போகிற பிரேமினிக்கு சுகந்தனே தேடித் தேடி நிலாவதி என்று பேர் வைத்துக் கொடுத்திருந்தான். நிலாவதி போன வாரம் பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போனாள். 'அடுத்த பாத்திரத்துக்கு நீயே ஒரு பேர் வை' என்று பிரேமினியிடம் சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

இன்றைக்கு அவள் தாளில் எழுதி நீட்டிய பேர், குப்பாயி.

ஜெரோஷன் சிரித்த சிரிப்பில் பிளேன்டீ மூக்கில் ஏறியது. "மச்சான், அரண்மனையில எப்படிக் கூப்பிடுவாங்க? வீராங்கனை குப்பாயி வாராங்க, வழி விடுங்கன்னா?"

சுகந்தனுக்குக் காது மடல்வரை சூடேறியது. இவளையா வருகிற புதன்கிழமை ரெஜிஸ்ட்ராரிடம் கூட்டிப்போய்க் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுக்கப்போகிறோம்? அம்மாவிடம் மாசக்கணக்கில் மல்லுக்கட்டி வாங்கிய சம்மதம் அது. இறம்பொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளையாக இருந்தாலும் நாலு பேர் முன்னால் நம்மைத் தலைகுனிய வைக்கமாட்டாள் என்று எத்தனை தடவை சத்தியம் செய்திருப்பான்.

"குப்பாயி, உருட்டு" என்றாள் ஏஞ்சலா.

"ம்" என்று உடனே கையை நீட்டினாள் பிரேமினி. நிலாவதியாக இருந்த காலத்தில் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டால்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

இருபது முகப் பகடை உருண்டு போய் உச்ச எண்ணான இருபதில் நின்றது. நாகத்தின் பல் குப்பாயியின் மேல் படவே இல்லை.

சுகந்தன் நெருப்பு மழை பொழிய வைத்தான். பத்தொன்பது விழுந்தது. விஷக் கிணற்றில் தள்ளிப் பார்த்தான். மறுபடி இருபது. மூன்று தரம் சாவு வந்து, மூன்று தரமும் குப்பாயியை முகர்ந்து பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது.

"இவ சாகமாட்டா போல மச்சான்" என்றான் ஜெரோஷன்.

சுகந்தன் அவள் முன்னால் இருந்த தாளைப் பிடுங்கினான். "போதும். இந்தப் பேரோட இவ என் கதையில இருக்க முடியாது. வேற பேர் எழுது."

"இவ என்னங்க தப்புப் பண்ணுனா?"

"தப்பே அந்தப் பேருதான். கேட்டாலே கொமட்டுது. எந்தத் தாய் தகப்பன் பெத்த பிள்ளைக்கு இப்படி ஒரு பேர் வைப்பாங்க?"

பிரேமினி ஸ்வெட்டரின் கைகளை விரல் நுனிவரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"மூணு பிள்ளைய வரிசையா மண்ணுக்குள்ள வச்சவங்க வைப்பாங்க" என்றாள். "நாலாவதாச்சும் தங்கணுமேன்னு, பொறந்த அன்னிக்கே குப்பை மேட்டுல போட்டு எடுத்து, குப்பாயின்னு கூப்பிடுவாங்க. கேவலமான பேரா இருந்தா எமன் சீண்டமாட்டான்னு ஒரு நம்பிக்கை."

ஏஞ்சலா பாதி தின்ற ரோல்ஸை மெல்லத் தட்டில் வைத்தாள். ஜெரோஷன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

சுகந்தன்கூட ஒரு கணம் அசந்துதான் போனான். கதை கட்டுகிறவன் அல்லவா. ஆனால் கோபம் இறங்கவில்லை. "பாத்திரத்துக்கு முன்கதையெல்லாம் நல்லாத்தான் யோசிச்சிருக்க. கதைய வச்சுக்க. பேர மட்டும் மாத்து."

"மாத்தலைன்னா?"

"எந்திரிச்சுப் போயிடு. நாலு பேருக்கு முன்னாடி ஒருத்தியப் பக்கத்துல ஒக்கார வச்சு, குப்பாயின்னு என் வாயால கூப்பிட முடியாது. எங்க அம்மா காதுல விழுந்தா என்ன நெனைப்பாங்க?"

சொல்லிக்கொண்டே தாளை நாலாகக் கிழித்து மேசையில் எறிந்தான்.

"டேய், வெளையாட்டுக்குப் போயி..." என்று ஆரம்பித்த ஜெரோஷனைப் பிரேமினி கையமர்த்தினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது.

"கோவத்துல சொல்றீங்களா, யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன். அப்படி ஒரு பேர் எனக்கு ஆகவே ஆகாது."

பிரேமினி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குடையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனாள்.

"அப்ப புதன்கிழமை லீவு போட வேணாங்க."

"இதுக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"என் பர்த் சர்டிபிகேட்டுல குப்பாயின்னுதான் இருக்கு."