சூடில்லாத கட்டி

"என் இடுப்புலேருந்துதாங்க புள்ள உழுந்துச்சு. நாந்தாங்க போட்டுட்டேன்."

டாக்டரிடம் இதைச் சொல்லும்போது அற்புதமேரிக்குக் குரல் நடுங்கவில்லை. ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகியிருந்தாள். மாமியாரும் அதையே சொன்னாள், குழாயடியில் சொன்னார்கள்; பாவசங்கீர்த்தனத்தில் அவளே சாமியாரிடம் சொல்லி அழுதாள்.

விழுந்த அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்கவே அவளுக்குப் பயம். நாலு வயது லூர்து அப்பன் மார்மேல்தான் தூங்கினாள்.

இப்போதும் அவன் தோளில்தான் கிடந்தாள். நடுமுதுகில் எலும்பு புடைத்து, பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவு கட்டி.

அப்பன் சவுரிராயனுக்கு விழுப்புரம் என்ஜின் ஷெட்டில் கரி அள்ளும் வேலை. யுத்த வண்டிகள் ஓயாமல் ஓடிய வருஷம் அது, லீவு கிடைப்பதே பாடு. உள்ளூரில் ஆஸ்பத்திரி இருந்தும், "அங்கதான் நல்லா பாக்கறாங்களாம்" என்று திண்டிவனத்துக்கு ரயிலேற்றிக் கூட்டி வந்தவன் அவன்தான். வரும் வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்திருந்தது.

டாக்டரைக் கண்டதிலிருந்து அவன் சுவர்ப்பக்கமாகவே திரும்பி நின்றான்.

டாக்டர் கட்டியின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"அடிபட்டு எலும்புல சீழ் வச்சா காய்ச்சல் கொளுத்தும், கட்டி நெருப்பா சுடும். இது சுடவே இல்ல. மெதுவா உள்ளேயே அரிச்சிருக்கு. இது காசநோயம்மா. விழுந்ததால வர்றதில்ல. கூட இருக்கிறவங்க இருமல்ல தொத்தி, ரத்தத்தோட எலும்புக்குப் போறது."

விழுந்ததால் வருவதில்லை. அற்புதமேரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல யாருக்காவது இருமல் உண்டா?"

"இவருக்குத்தாங்க. கரித்தூசி இருமலு" என்றாள் வெள்ளந்தியாக.

டாக்டர் நிமிர்ந்து அவன் முகத்தைத் தேடிப் பார்த்தார்.

"நான் விழுப்புரத்துல இருந்தப்போ வந்தவன்தானே நீ? ரெண்டு வருஷம் இருக்குமா? தனியாப் படு, புள்ளையக் கிட்ட சேக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா!"

"வெளிய தெரிஞ்சா வேல பூடுங்க" என்றான் சவுரிராயன், டாக்டரிடம்.

அற்புதமேரி பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள்.

லூர்து அப்பன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"வேணாம். நீ போட்டுடுவே."

தன்மேல் தப்பில்லையென்று இப்போதாவது பிள்ளையிடம் சொல்லுவானா என்று அவள் புருஷனைப் பார்த்தாள்.

அவன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.